ஓகே என்று முடிந்தால் ஓகே

உலகத்தில் வேறெந்தத் தொழிலிலும் இல்லாத ஒரு நேர்மை எங்கள் தொழிலில் உண்டு. வேலையைத் தொடங்கும்போதே, ‘கடைசி வரியில் ஓகே என்று வந்தால் வேலை நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். கதை கட்டவில்லை. நோட்-ஜிப் என்ற கருவியை ஓட்டினால் திரையில் வருகிற முதல் வரியே அதுதான்: ‘ஜிப் இன்ஃபோ இட் வொர்க்ட் இஃப் இட் எண்ட்ஸ் வித் ஓகே’. ஒரு மேஸ்திரி அஸ்திவாரம் தோண்டும்போதே, ‘கிரகப்பிரவேசத்தன்று வீடு நின்றுகொண்டிருந்தால் நான் கட்டிவிட்டேன் என்று அர்த்தம்’ என்று சொன்னால் அவரை என்ன செய்வீர்கள்? நாங்கள் அவரையேதான் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் வீடு கட்டுகிறோம்.

ஜிப் என்றதும் பேன்ட் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். சும்மா இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். அவசரத்தில்தான் மாட்டும், அதுவும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை. 2009-ல் ரயன் டால் என்பவர் அதை வெளியே இழுத்து வந்து, நோட் ஜேஎஸ் என்ற பெயரில் சர்வரில் வேலைக்குச் சேர்த்தார். பிள்ளை கெட்டிக்காரன்தான். ஆனால் மூட்டை தூக்கச் சொன்னால் முழிப்பான். பாஸ்வேர்டை அரைப்பது, படத்தைச் சுருக்குவது, டேட்டாபேஸ் கோப்பைத் திறந்து படிப்பது போன்ற கனமான வேலைகளுக்கெல்லாம் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் நல்ல பழைய சரக்கு இருக்கிறது. அதை ஜாவாஸ்கிரிப்ட்டோடு ஒட்ட வைக்கிற துண்டுக்கு நேட்டிவ் ஆடான் என்று பெயர். ஒட்ட வேண்டுமென்றால் சி பிளஸ் பிளஸ்ஸைக் கம்பைல் செய்தாக வேண்டும். விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. இன்டெல் சிப்புக்கு ஒன்று, ஆர்ம் சிப்புக்கு ஒன்று. இதையெல்லாம் யார் செய்வது? நீங்கள்தான். உங்கள் மெஷினில், உங்கள் மின்சாரத்தில், உங்கள் பொறுமையில்.

மாப்பிள்ளை ஜாவாஸ்கிரிப்ட், பெண் சி பிளஸ் பிளஸ். ஆனால் தரகர் பைத்தான் வந்து சேராமல் பந்தக்கால் நட முடியாது. ஏன் பைத்தான்? அந்தக் கம்பைல் வேலையைச் செய்கிற நோட்-ஜிப்புக்கு உள்ளே இருக்கிற ஜிப் பைத்தானில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். கல்யாணம் முடிந்த பிறகு அந்த வீட்டில் தரகருக்கு ஒரு வேலையும் கிடையாது. புரோகிராம் ஓடும்போது ஒரு வரி பைத்தான் ஓடாது. இருந்தாலும் தாலி கட்டுகிற நேரத்தில் தரகரைக் காணோம் என்றால் முகூர்த்தம் ரத்து.

2024 தொடக்கத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வேலை, முதல் நாள். கம்பெனி கொடுத்த விண்டோஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “புராஜெக்டை இறக்கி என்பிஎம் இன்ஸ்டால் அடிம்மா, மதியத்துக்குள்ள ஓடிடும்” என்றேன். அப்படிச் சொன்ன வாயில் தயவுசெய்து சர்க்கரை போடாதீர்கள்.

புராஜெக்டுக்காக என்பிஎம் இறக்கி நிறுவ வேண்டிய பேக்கேஜ்களில் பிகிரிப்ட் என்று ஒன்று. பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல், யாராலும் திருப்பி எடுக்க முடியாதபடி அரைத்து வைப்பது அதன் வேலை. அது முதலில் இணையத்தில் ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருந்த கோப்பை இறக்கப் பார்த்தது. எங்கள் கம்பெனியின் பிராக்சி, போகிற வருகிற ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி அனுப்புகிற ரகம். நோட் அந்தச் சான்றிதழைப் பார்த்து ‘இந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்று கதவைச் சாத்திவிட்டது. சரி, கடைச் சாப்பாடு வேண்டாம், வீட்டிலேயே சமைத்துக்கொள்கிறேன் என்று பேக்கேஜ் கம்பைல் செய்யக் கிளம்பியது. அங்கே பிடித்தது சனி.

‘ஃபைண்ட் பைத்தான்’ என்று சிவப்பில் வரிசையாக வந்தது. அவள் பைத்தான் இருக்கிறதா என்று பார்க்க கமாண்ட் ப்ராம்ப்டில் ‘பைத்தான்’ என்று தட்டினாள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தது. ஆமாம், விண்டோஸில் பைத்தான் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு பொம்மைக் கோப்பு நிற்கிறது. கூப்பிட்டால் கடைக்குக் கூட்டிப் போகும். தண்ணீர் கேட்டவனைத் தண்ணீர் பாட்டில் விளம்பரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி.

ஒழுங்கான பெண் என்பதால் ஒழுங்காக ஆகப் புதிய பைத்தானைப் போட்டாள்: 3.12. அதுதான் அவள் செய்த இரண்டாவது குற்றம். முதல் குற்றம் எங்களிடம் வேலைக்கு வந்தது. 2023 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பாகத்தைப் பைத்தான்காரர்கள் தூக்கி எறிந்திருந்தார்கள். பல வருடங்களாகச் சொல்லிவிட்டுத்தான் எறிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் புராஜெக்ட் உட்கார்ந்திருந்ததோ நோட் 16-ல். அதன் ஆயுள் 2023 செப்டம்பரிலேயே முடிந்து, கருமாதியும் ஆகிவிட்டது. அதன் வயிற்றுக்குள் இருந்த என்பிஎம், அதன் வயிற்றுக்குள் இருந்த பழைய நோட்-ஜிப், ‘டிஸ்ட்யூட்டில்ஸ் எங்கே?’ என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. புதிதாக வாங்கியது தப்பு. பழையதாக, ஆனால் ரொம்பப் பழையதாக இல்லாமல் வாங்க வேண்டும். பைத்தான் 2 காலத்தில் இதற்கு நேர்மாறான தண்டனை இருந்தது: பைத்தான் 3 வைத்திருப்பவனை உள்ளேயே விட மாட்டார்கள். 2020 ஜனவரி 1-ல் பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது. நோட்-ஜிப் பைத்தான் 3-ஐப் பயந்து பயந்து ஏற்றுக்கொண்டதே 2019-ல்தான்.

பைத்தானை இறக்கி ஏற்றிச் சரிசெய்தோம். அடுத்தது ‘ஃபைண்ட் விஎஸ்’. விஷுவல் ஸ்டுடியோவின் ஆகப் புதிய பதிப்பை, ‘டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி பிளஸ் பிளஸ்’ என்ற பகுதியோடு நிறுவ வேண்டுமாம். உப்பு வாங்கப் போனவனை உப்பளம் வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். பல ஜிபி இறக்க வேண்டும். அதை நிறுவ அட்மின் உரிமை வேண்டும். அவளுக்கு அட்மின் உரிமை இல்லை. டிக்கெட் போட வேண்டும். டிக்கெட்டுக்கு மேனேஜர் அப்ரூவல் வேண்டும். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். பாஸ்வேர்டை அரைக்கிற ஒரு பேக்கேஜுக்காக, ஒரு பொறியாளர் ஒன்றரை நாள் டிக்கெட்டின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் எங்கள் கம்பெனி ‘உற்பத்தித்திறன் ஆண்டு’ கொண்டாடியது. டீ கப் கூடக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, எல்லாம் தயார். கருவி, நோட்டின் ஹெடர் கோப்புகளை இறக்கப் போனது. மறுபடியும் பிராக்சி, மறுபடியும் ‘இந்த ஆளை எனக்குத் தெரியாது’. பிராக்சியின் சான்றிதழைக் கேட்டு வாங்கி முறையாகப் பதிவு செய்வது ஒரு வழி. அதற்கு இன்னொரு டிக்கெட். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொரு அவசரக்காரனும் சொல்வதைச் சொன்னேன்: ‘நோட்_டிஎல்எஸ்_ரிஜெக்ட்_அன்ஆதரைஸ்டு’ என்ற மாறியைப் பூஜ்யமாக வை. அதாவது, சான்றிதழ் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, யார் வந்தாலும் உள்ளே விடு. செட்எக்ஸ் போட்டு நிரந்தரமாகவே வைத்துவிடச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டாமே. இதைச் செய்தால் இணைப்பு பாதுகாப்பற்றதாகிவிடும் என்று நோட்டே எச்சரிக்கிறது. எச்சரிக்கையைத் தாண்டி ஸ்க்ரோல் செய்தோம்.

பாஸ்வேர்டைப் பாதுகாக்கிற பேக்கேஜை நிறுவ, அந்த மெஷினில் ஓடும் எல்லா நோட் புரோகிராமின் பாதுகாப்பையும் அணைத்தோம். பூட்டு மாட்ட வந்த ஆசாரிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாசல் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தோம். சொன்னது நான். இருபது வருஷ அனுபவம்.

இத்தனைக்கும் நடுவில், இரண்டாம் நாள் சாயங்காலம், நாற்பது ஐம்பது சிவப்பு வரிகளுக்குக் கீழே ‘நாட் ஓகே’ என்று நின்றுகொண்டிருந்த திரையைக் காட்டி அவள் சொன்னாள்: “அண்ணா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்.”

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நாலு வருடம் படித்து, கேம்பஸ் இன்டர்வியூவில் கழுத்தறுபட்டு, வேலைக்கு வந்த பெண் இரண்டே நாளில் தன்னைத்தானே சந்தேகப்படுகிறாள். கருவி ஒருபோதும் சந்தேகப்படவில்லை. ‘உன்னிடம் பைத்தான் இல்லை’, ‘உன்னிடம் விஷுவல் ஸ்டுடியோ இல்லை’, ‘உன் சான்றிதழ் சரியில்லை’ என்று வரிக்கு வரி அவளிடம் இல்லாததைத்தான் பட்டியல் போட்டது. ‘என்னிடம் ஒழுங்கு இல்லை’ என்று ஒரு வரி கிடையாது. அந்தக் காலத்துச் சம்பந்தி வீட்டார் தோற்றார்கள்.

இந்தச் சீர்வரிசைப் பட்டியலை யார் எழுதினார்கள் என்று பார்த்தால் இன்னும் எரிகிறது. ஜிப் என்பது ‘ஜெனரேட் யுவர் புராஜெக்ட்ஸ்’. குரோம் பிரவுசரை மூன்று இயங்குதளங்களிலும் கட்டுவதற்காக கூகிள்காரர்கள் செய்துகொண்டது. நோட் தன் இன்ஜினை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதால் கட்டுகிற கருவியையும் கூடவே எடுத்துக்கொண்டது. பிறகு குரோம்காரர்கள் ஜிப் சரிப்படவில்லை என்று ஜிஎன் என்ற வேறொன்றைச் செய்துகொண்டு போய்விட்டார்கள். வீட்டைக் கட்டியவனே ஒழுகுகிறது என்று காலி செய்துவிட்டான். வாடகைக்கு வந்தவன் இன்னும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறான். இப்போது அந்த ஒழுகல் வீட்டைப் பராமரிப்பது நோட் தன்னார்வலர்கள், ஜிப்-நெக்ஸ்ட் என்ற பெயரில். அவர்களைத் திட்ட மாட்டேன். அவர்கள் தூங்கும் நேரத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் நாம் இன்று ‘ஓகே’ பார்க்கிறோம். என் கோபம், இந்தச் சங்கிலியின் மேல் உட்கார்ந்து பணம் பண்ணிக்கொண்டு, பாத்திரம் பிடிக்க ஒரு ஆளைக்கூட அனுப்பாத கம்பெனிகள் மேல். எங்கள் கம்பெனியும் அதில் ஒன்று.

ரயன் டால் இதை ஒப்புக்கொண்டார். 2018-ல் பெர்லினில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில், நோட் பற்றித் தான் வருத்தப்படும் பத்து விஷயங்கள் என்ற தலைப்பில் பேசினார். அதில் ஜிப்பும் உண்டு. பேசி முடித்துவிட்டு, அதே மேடையில் டீனோ என்ற தன் புது ரன்டைமைக் காட்டினார். பாவமன்னிப்பும் புதுமனைப் பத்திரிகையும் ஒரே கவரில். ஆனாலும் மனிதர் வாய்விட்டுச் சொன்னாரே, அதுவே பெரிது. இந்தத் தொழிலில் ‘என் தப்பு’ என்று மேடையில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணினால் விரல் மிச்சம் இருக்கும்.

கம்பைல் ஆகிவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு நோட் மாட்யூல் வெர்ஷன் என்ற எண் காத்திருக்கிறது. நோட் 12-க்கு 72, 14-க்கு 83, 16-க்கு 93, 18-க்கு 108, 20-க்கு 115. ஜாதகப் பொருத்தம் மாதிரி. நோட்டை உயர்த்தினால், நேற்றுவரை குடித்தனம் நடத்திய ஆடான் இன்று ‘நான் வேறு எண்ணுக்குக் கட்டப்பட்டவள்’ என்று மூட்டை கட்டும். டெஸ்க்டாப் செயலிகள் செய்ய உதவும் எலக்ட்ரானுக்கு வேறு தனி எண், அதற்கென்று தனியாக மறுபடி கட்ட வேண்டும். 2017-ல் நோட் 8-ஓடு என்-ஏபிஐ என்ற நல்ல காரியம் ஒன்று நடந்தது: அதன் வழியாக எழுதினால் இந்த எண் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. பாராட்டுகிறேன். ஆனால் பழைய முறையில் எழுதிய பேக்கேஜ்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றின் மேல் பத்து பேக்கேஜ்கள் நிற்கின்றன, அவற்றின் மேல் உங்கள் சம்பளம் நிற்கிறது.

நோட்-சாஸ் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டைல்ஷீட் எழுதுவதை எளிதாக்க வந்தது. ஒரு பட்டனுக்கு நீலம் பூச, சி பிளஸ் பிளஸ் கம்பைலர் வேண்டும். நோட்டின் எந்தப் பதிப்புக்கு எந்த நோட்-சாஸ் என்று ஒரு அட்டவணையே வைத்திருந்தார்கள். பஞ்சாங்கம் போல அதைப் பார்த்துத்தான் நல்ல நேரம் குறிப்போம். அதன் அடியில் இருந்த லிப்சாஸுக்கு 2020-ல் ஓய்வு அறிவித்தார்கள். அந்த நீலம் பூசுவதில் உலகம் முழுக்க எத்தனை பேருடைய எத்தனை ராத்திரிகள் போயின என்று எந்த டைம்ஷீட்டும் சொல்லாது.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். கம்பைல் செய்த கோப்பையே இயங்குதளத்துக்கு ஒரு பேக்கேஜாகப் போட்டு, உங்களுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் இறக்குகிறார்கள். நல்ல யோசனை. அதிலும் என்பிஎம் ஒரு ஓட்டை வைத்திருந்தது: மேக்கில் உருவான லாக் ஃபைலை வைத்து லினக்ஸில் நிறுவினால், சில சமயம் லினக்ஸுக்கான துண்டு வராமல் போகும். ரோலப் என்ற கருவி தன் பிழைச் செய்தியிலேயே, என்பிஎம்மில் ஒரு பிழை இருக்கிறது, லாக் ஃபைலையும், பேக்கேஜ்கள் இறங்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள் என்று எழுதிவைத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பதிப்பு வரும் என்று உத்தரவாதம் தருவதற்காகவே பிறந்தது லாக் ஃபைல். மருந்து என்னவென்றால், அந்த உத்தரவாதப் பத்திரத்தைக் கிழித்துப் போடுவது.

ஆபீஸில் இருக்கிற எங்களுக்காவது டிக்கெட் போட ஒரு இடம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், டிப்ளமோ படிக்கிறான். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்புக்கு நெட். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. விஷுவல் ஸ்டுடியோ கேட்பதை இறக்க அவன் வீட்டில் எத்தனை நாள் யாரும் வீடியோ பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். போதாததற்கு, நம் ஊர் வழக்கப்படி விண்டோஸில் இன்ஷியலையும் பெயரையும் நடுவில் இடம் விட்டு எழுதியிருந்தான். அவன் ஃபோல்டரின் பாதை அந்த இடைவெளியில் இரண்டாக உடைந்து, கருவி இன்ஷியலை மட்டும் ஒரு புரோகிராம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ். அதற்குப் பரிகாரம் புதிதாக வேறு யூசர் அக்கவுன்ட். பெயரைத் தமிழிலேயே வைத்தவர்களின் கதை இதைவிட மோசம். பைத்தான் 2 காலத்தில் ஆங்கிலமல்லாத எழுத்து பாதையில் வந்தாலே ‘ஆஸ்கி கோடெக் கான்ட் டிகோட்’ என்று விழுந்த கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் எழுத்துகளை யூனிகோடில் ஏற்றிவைத்த உலகம், ஒரு ‘அ’வைத் தாண்ட முடியாமல் நின்றது.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் மதியம் ‘ஓகே’ வந்தது. கேண்டீனிலிருந்து கேசரி வாங்கி வந்து கொடுத்தாள். மாலை சர்வருக்கு அனுப்பினோம். டாக்கரில் ஆல்பைன் லினக்ஸ். அடிப்படை இமேஜ் ஐந்து எம்பி அளவுதான் என்று பெருமையாகத் தேர்ந்தெடுத்தது. அவளுடைய நோட்_மாட்யூல்ஸ் அப்படியே உள்ளே போய்விட்டது. ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்றது சர்வர். விண்டோஸுக்குக் கட்டிய கோப்பை லினக்ஸ் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டது. அதைத் தவிர்த்து உள்ளேயே கம்பைல் செய்யலாம் என்று பைத்தான், மேக், ஜி பிளஸ் பிளஸ் எல்லாவற்றையும் ஏற்றினால், ஐந்து எம்பி இளைஞன் நூறு எம்பிக்கு மேல் பெருத்துத் தொப்பையோடு நின்றான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிகிரிப்ட்ஜேஎஸ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. முழுக்க ஜாவாஸ்கிரிப்ட், கம்பைல் கிடையாது, பைத்தான் கிடையாது. கொஞ்சம் வேகம் குறைவு. எங்கள் சர்வரில் லாகின் செய்பவர்கள் மொத்தமே சில நூறு பேர். பேக்கேஜ் பெயரில் இரண்டு எழுத்து சேர்த்தேன். ஒரு நிமிடத்தில் ஓடியது, விண்டோஸிலும் ஓடியது, ஆல்பைனிலும் ஓடியது.

“இதை முதல் நாளே போட்டிருக்கலாமே அண்ணா” என்றாள். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி. அதுதான் வலித்தது.

டைம்ஷீட்டில் அந்த மூன்று நாளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ‘பயிற்சி’ என்று எழுதச் சொன்னாராம்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்கு அனுப்ப, புதிதாகச் சேர்பவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பைத் திறந்தேன். அந்தப் பெண் பொறுப்பாக, அழகாக, ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதி வைத்திருந்தாள். நான்காவது படி: கீழ்க்கண்ட மாறியைப் பூஜ்யமாக வைக்கவும், செட்எக்ஸ் பயன்படுத்தவும், திரையில் வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், இதைச் சொல்லிக்கொடுத்தவர் என்று நன்றியோடு என் பெயர்.